பலகை சொன்ன பாடம்

வீடு கட்டுவது ஒருமுறை. வீட்டைக் காப்பது ஆண்டுதோறும். கட்டும்போது ஊரார் வந்து பார்க்கின்றனர், வாழ்த்துகின்றனர், குடிபுகும் நாளில் கூடி உண்கின்றனர். காக்கும்போது எவரும் வருவதில்லை. ஆணி ஒன்று துருப்பிடிப்பதையும் பலகை ஒன்று உள்ளூர மக்குவதையும் கூடி நின்று பார்ப்பவர் யார்? அதனால்தானோ என்னவோ, கட்டுவதில் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காப்பதில் மக்கள் காட்டுவதில்லை. காட்டத் தவறிய ஓர் ஆசிரியரின் கதை இது. அவர் பெயர் இங்குத் தேவையில்லை. அவர் செய்த பிழை பலரும் செய்வதே.

தீபகற்ப மலேசியாவில் மிகுதியாக மழை பெய்யும் ஊர் என்று பெயர் பெற்றது தைப்பிங். ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை அங்கே பொழிகிறது. புக்கிட் லாருட் மலையைத் தழுவும் முகில்கள் பிற்பகலில் கருத்து, மாலையில் கொட்டித் தீர்க்கும். இன்று மழை வருமா, வராதா என்று பந்தயம் கட்டுவது அவ்வூராரின் பழைய பொழுதுபோக்கு. மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டில் அவ்வூருக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையேதான் ஓடத் தொடங்கியது. பிற்காலத்தில் அதே இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் ஆசிரியரின் தந்தையார். சேமித்த பணத்தில் அவர் வாங்கியது ஒரு பலகை வீடு. கல் தூண்களின்மேல் இடுப்பளவு உயர்ந்து நின்ற அவ்வீட்டின் முன்னே, இருபது அடி நீளமும் எட்டடி அகலமும் கொண்ட ஒரு திறந்த மரத்தளம் இருந்தது. சுவரோரத்திலிருந்து வெளி விளிம்பு வரை, செங்கால் மரத்தாலான 38 பலகைகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன.

அந்தத் தளம் அவ்வீட்டின் உயிர் எனலாம். தந்தையார் மாலைதோறும் நாளேடு படித்தது அங்கே. ஆசிரியர் பணியில் சேர்ந்தபின், எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் இலக்கியம் படித்த மாணவர்கள் பாய் விரித்து அமர்ந்தது அங்கே. தந்தையார் மறைந்த அன்று அவர் உடலைக் கிடத்தியதும் அப்பலகைகளின்மீதே. அவர் உயிரோடிருந்த வரையில், ஆண்டுக்கு ஒருமுறை வெயில் காலத்தில் தளத்தைத் தேய்த்துக் கழுவி, உலரவிட்டு, எண்ணெய் பூசுவார். சிறுவனாயிருந்த ஆசிரியர் அதனைத் தந்தையாரின் பொழுதுபோக்கு என்றே எண்ணியிருந்தார். தந்தை போனபின் எண்ணெயும் நின்றது. செங்கால் மரம் இரும்பைப் போன்றதாயிற்றே. அதற்கு என்ன வரும் என்னும் துணிவு வேறு!

செங்கால் உறுதியான மரம் என்பது உண்மையே. திரெங்கானு மாநிலத்துப் பூலாவ் டுயோங் தீவின் படகுக் கலைஞர்கள் கடலோடும் கலங்களை அம்மரத்தால்தான் கட்டினர். கறையானும் காளானும் அதனை எளிதில் அண்டுவதில்லை. ஆயினும், எளிதில் அண்டாது என்பதற்கு என்றுமே அண்டாது என்று பொருளன்று. அந்த வேறுபாட்டை ஆசிரியர் உணர்ந்தது ஓர் அக்டோபர் மாதத்து மாலையில். படியருகே ஓடிய ஆறு வயதுப் பேத்தியின் கால், பலகையின் விளிம்பை உடைத்துக்கொண்டு உள்ளே போயிற்று. முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால், உடைந்த இடத்தில் கை வைத்துப் பார்த்த ஆசிரியருக்கு நெஞ்சு திடுக்கிட்டது. இரும்பு என்று அவர் எண்ணியிருந்த மரம், நனைந்த ரொட்டியைப் போல் விரலோடு பிய்ந்து வந்தது.

தளத்தைப் பெயர்த்தெறிந்துவிட்டுச் சிமெண்டு போட்டுவிடலாம் என்றார் மனைவியார். மகனும் அதையே சொன்னான். ஆசிரியருக்கு மனம் ஒப்பவில்லை. தீபாவளிக்கு மூன்று வாரமே இருந்தது. விருந்தினர் வருமுன் தளத்தைச் செப்பனிட்டுவிட வேண்டும் என்னும் பரபரப்பு அவரைப் பற்றிக்கொண்டது. பரபரப்பு உள்ள வீட்டுக்குத் தக்க ஆளும் தானே வந்து சேர்வான் போலும். அடுத்த சனிக்கிழமை ஒரு லாரி வாசலில் நின்றது. அதிலிருந்து இறங்கியவர் வேற்றூர்க்காரர், நாவன்மை மிக்கவர். "அடுத்த தெருவில் வேலை முடிந்தது, ஐயா. பொருள் மீதமிருக்கிறது. இன்றே சரி என்றால் பாதி விலைக்குச் செய்து தருகிறேன்," என்றார். எந்தத் தெரு, எந்த வீடு என்று ஆசிரியர் கேட்கவில்லை. 2,400 ரிங்கிட் என்று பேசி, 1,200 ரிங்கிட் முன்பணமாகக் கைமாறியது. இரசீது இல்லை, முகவரி இல்லை, ஒரு கைப்பேசி எண் மட்டும் இருந்தது.

மறுநாள் இருவர் வந்தனர். விசைக்குழாயால் நீரைப் பாய்ச்சித் தளத்தைக் கழுவினர். மக்கிய விளிம்புகளில் ஏதோ மாவைக் குழைத்து அப்பினர். பிற்பகலுக்குள் கண்ணாடி போல் மின்னும் வார்னிஷைத் தடித்த பூச்சாகப் பூசி முடித்தனர். மீதிப் பணத்தையும் பெற்றுக்கொண்டு, மழை வருமுன் லாரி புறப்பட்டுவிட்டது. தீபாவளியன்று தளம் பளபளத்தது. வந்தவர் யாவரும் வியந்தனர். ஆசிரியரும் பெருமிதம் கொண்டார். அந்தப் பெருமிதம் இரண்டு வாரம்கூட நிலைக்கவில்லை. பூச்சின் அடியில் வெண்ணிறக் கொப்புளங்கள் எழுந்தன. பின்னர் அது பாம்புச் சட்டையைப் போல் உரியத் தொடங்கிற்று. படியருகே அப்பிய மாவு பெயர்ந்து விழுந்தது. கைப்பேசி எண்ணுக்கு மறுமொழி இல்லை.

இவ்வாறு நேர்ந்ததற்குக் காரணம் வியப்பானது ஒன்றுமன்று. மரம் வெட்டப்பட்ட பின்னும் சுற்றுப்புறத்து ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும் பொருள். ஈரம் வாங்கும்போது விரியும், விடும்போது சுருங்கும். மரத்தின் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஈரம் தங்கிவிட்டால் மக்கச் செய்யும் காளானுக்கு அது விருந்து. பலகையின் முகத்தைவிட அதன் வெட்டுமுனை பல மடங்கு விரைவாக நீரை உறிஞ்சும். ஆதலால் அழிவு பெரும்பாலும் முனையில்தான் தொடங்குகிறது. நனைந்த மரத்தின்மீது தடித்த பூச்சைப் பூசினால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றித் தவிக்கும். வெயில் பட்டதும் ஆவியாகிப் பூச்சைத் தூக்கும். மரம் விரிந்து சுருங்கும்போது பூச்சு அதனோடு ஒத்து அசையாமல் வெடிக்கும். அந்த வெடிப்பின் வழியே மீண்டும் மழைநீர் புகும். புகுந்த நீர் எளிதில் உலராது. காப்பதற்காகப் பூசியதே மரத்தை அழிக்கும் பொறியாக மாறிவிடுகிறது.

ஆசிரியரை வருத்தியது பண இழப்பு மட்டுமன்று. திருக்குறளின் பொருட்பாலில் 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். அதனை அடுத்தது தெரிந்து வினையாடல். ஒருவரை ஆராய்ந்து நம்புவது முதலில். ஆராய்ந்தவரிடம் வேலையை ஒப்படைப்பது அதன் பின்னர். இந்த வரிசையின் அழகை முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு விளக்கியவர் அவர். அதே தளத்தில் அமர்ந்து விளக்கியவர்! தம் வாசலில் ஒரு லாரி வந்து நின்றபோது அந்த இரண்டு அதிகாரங்களும் எங்கே போயின? படித்தது வேறு, பயின்றது வேறு என்பதை உரிந்து கிடந்த வார்னிஷ் அவருக்கு நாள்தோறும் நினைவூட்டிற்று.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் முறையிடலாமே என்று முன்னாள் மாணவர் ஒருவர் கூறினார். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்தது அத்தீர்ப்பாயம். வழக்கறிஞர் தேவையில்லை. ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் முறையீட்டைப் பதியலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 50,000 ரிங்கிட் வரையுள்ள கோரிக்கைகளையும் அது விசாரிக்க முடியும். எளியவர்க்கு நல்ல வழிதான். ஆனால், யார்மீது முறையிடுவது? ஆளின் முழுப்பெயர் தெரியாது, முகவரி தெரியாது, பணம் கொடுத்ததற்குச் சான்று இல்லை. தாள் உள்ளவனுக்கே சட்டம் துணை நிற்கும். அந்தத் தாளை வேலை தொடங்குமுன் கேட்டுப் பெற வேண்டும். ஏமாந்தபின் தேடிப் பயனில்லை.

இம்முறை ஆசிரியர் விரையவில்லை. சந்தைக்கருகே இரும்புச் சாமான் கடை நடத்தும் சீனப் பெரியவரிடம் சென்றார். ஆணியும் எண்ணெயும் வாங்க வருவோரில் எவர் எப்படி வேலை செய்பவர் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் மூன்று பெயர்களைச் சொன்னார். மூவரும் ஒவ்வொரு நாள் வந்து பார்த்தனர். முதலாமவர் படியேறாமலே, காரில் சாய்ந்தபடி ஒரு தொகை சொன்னார். இரண்டாமவர் தளம் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார். மூன்றாமவர் எழுபதை எட்டிய மலாய்க்காரத் தச்சர். அவர் தொகை எதுவும் சொல்லவில்லை. ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு, பலகை பலகையாகக் குத்திப் பார்த்தார். பின்னர்த் தளத்தின் அடியில் தவழ்ந்து சென்று அரைமணி நேரம் வெளிவரவில்லை.

வெளிவந்தவர் கூரையை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "சிக்கு, உங்கள் நோயாளி இந்தத் தளம் அன்று, மேலே இருக்கும் நீர்த்தாரை," என்றார். ஆசிரியர்களை மலாய் மக்கள் அழைக்கும் அந்தச் சொல்லில் மரியாதையும் இருந்தது. மெல்லிய கேலியும் இருந்தது. கூரையோரத் தகரத்தாரை படியருகே உடைந்து, மழை பெய்யும்போதெல்லாம் ஒரே இடத்தில் நீரைக் கொட்டியிருக்கிறது. நீர் விழுந்த இடத்தில்தான் பலகை முனைகள் மக்கியிருந்தன. 38 பலகைகளில் கெட்டவை ஆறு. அடியில் அவற்றைத் தாங்கிய குறுக்குக்கட்டை ஒன்றும் போயிருந்தது. மற்றவை நரைத்துச் சொரசொரப்பாக இருந்தனவேயன்றி, உள்ளே உறுதி குன்றவில்லை. வெயிலின் கதிர்கள் மரத்தின் நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைப்பதால் வரும் நரை அது. தலைநரையைப் போல, தோற்றம் மாறியதேயன்றி ஆள் மாறவில்லை.

"அப்படியானால், அபாங், எப்போது பூசலாம்?" என்று கேட்டார் ஆசிரியர். தமையனை விளிப்பது போன்ற அந்தச் சொல் அவர் வாயில் தானாக வந்தது.

"இப்போது நவம்பர். மரம் நனைந்த துணி மாதிரி இருக்கிறது. இப்போது பூசச் சொல்லி நீங்கள் பணம் கொடுத்தாலும் வாங்க மாட்டேன். பேத்தி விழாதபடி ஆறு பலகையை மட்டும் இப்போது மாற்றுகிறேன். தாரையையும் சரி செய்துவிடுகிறேன். எண்ணெயைப் பிப்ரவரியில் பார்க்கலாம்."

கையில் வந்த வேலையை மூன்று மாதம் தள்ளிப்போடும் குத்தகையாளரை ஆசிரியர் அதுவரை கண்டதில்லை. முன்பு வந்தவர் 'இன்றே' என்றார். இவர் 'இப்போது வேண்டா' என்றார். காலமறிதல் என்றொரு தனி அதிகாரத்தையே வள்ளுவர் வகுத்திருக்கிறார். அவ்வதிகாரத்தின் பெயரைக்கூடக் கேட்டறியாத ஒருவர், திருப்புளியும் கையுமாக அதற்கு உரை கூறிக்கொண்டு நிற்பதாக ஆசிரியருக்குத் தோன்றிற்று.

ஆயினும், முன்பு பட்ட அடி ஆறவில்லை. தச்சர் அண்மையில் வேலை செய்த இரண்டு வீடுகளை ஆசிரியர் நேரில் சென்று பார்த்தார். ஒன்றில், ஐந்தாண்டுகளுக்கு முன் பதித்த பலகைகள் இன்னும் அசையாமல் இருந்தன. மற்றொன்றின் உரிமையாளர், "வேலை நன்று, ஆனால், மெதுவாகத்தான் முடிப்பார்," என்றார். குறையையும் சேர்த்துச் சொல்லும் சான்றே நம்பத்தக்க சான்று. அதன் பின்னர் ஆசிரியர் ஒரு தாளில் மலாய் மொழியில் எல்லாவற்றையும் எழுதினார். எத்தனை பலகைகள், எவ்வகை மரம், எவ்வகை ஆணி, எத்தனை பூச்சு, எவ்வளவு கூலி, எப்போது எப்பகுதிப் பணம் என்பன அதில் இருந்தன. மரம் வந்து இறங்கியதும் மரத்தின் விலை; பலகை வேலை முடிந்ததும் அதற்குரிய கூலி; எண்ணெய் பூசியதும் ஒரு பகுதி; எஞ்சிய 300 ரிங்கிட், முதல் பெருமழையைத் தளம் தாங்கிய பின்னர். தச்சர் மனம் வருந்துவாரோ என்று அஞ்சியவாறு தாளை நீட்டினார். அவரோ படித்துப் பார்த்து, "இது எனக்கும் நல்லதுதான். வேலை முடிந்தபின், இதையும் செய், அதையும் செய் என்று நீங்கள் கேட்க முடியாதே!" என்று கூறிக் கையெழுத்திட்டார். எழுத்து என்பது ஐயத்தின் அடையாளம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது இருவருக்கும் பொதுவான நினைவு. நட்பு கெடாமல் காக்கும் வேலி.

இடிக்கப்பட்ட பழைய வீடொன்றிலிருந்து செங்கால் பலகைகளை வாங்கி வந்தார் தச்சர். ஆண்டுக்கணக்கில் உலர்ந்த மரமாதலால் இனி அது முறுக்கிக்கொள்ளாது என்றார். பலகைகளுக்கிடையே சிறு இடைவெளி விட்டார். மழைநீர் வடியவும், மரம் விரியவும், காற்று புகவும் அது வழி. சாதாரண இரும்பாணியை அவர் தொடவில்லை. மரத்தின் துவர்ப்பொருளும் இரும்பும் ஈரத்தில் கூடினால் கருங்கறை படியும் என்பதால், துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளையே கொண்டுவந்தார்.

பிப்ரவரியில் வானம் வெளுத்தது. தொடர்ந்து எட்டு நாள் மழையில்லை என்று உறுதி செய்துகொண்டே தச்சர் எண்ணெய்ச் சாடியோடு வந்தார். எஞ்சியிருந்த வார்னிஷ் தோலைச் சுரண்டி, தேய்தாளால் தேய்த்தார். பழைய ஆணிக்கறைகளை ஆக்ஸாலிக் அமிலக் கரைசலால் வெளுத்துக் கழுவி, மீண்டும் உலரவிட்டார். அதன் பின்னரே எண்ணெய். மேலே படலமாக நிற்கும் பூச்சன்று அது. மரத்தினுள் ஊறும் எண்ணெய். மெல்லிய பூச்சாக இட்டு, ஊறாமல் மேலே தேங்கியதைத் துணியால் துடைத்தெடுத்தார். வெட்டுமுனைகளுக்கு மட்டும் மும்முறை பூசினார். வேலை முடிந்ததும் எண்ணெய் நனைந்த துணிகளை நீர் நிறைந்த வாளியில் அமிழ்த்தினார். ஏன் என்று கேட்ட பேத்தியிடம், ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்று விளக்கினார். துணியைக்கூட நினைவில் வைத்து வேலை செய்பவர் வீட்டையா மறப்பார்?

ஏப்ரல் மாதத்தில் தைப்பிங்கின் மழை தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. ஒரு மாலை, இரண்டு மணி நேரம் இடைவிடாமல் கொட்டிற்று. புதிய தாரையில் நீர் ஒழுங்காக ஓடிற்று. சாரல் பட்ட பலகைகளின்மீது துளிகள் முத்து முத்தாகத் திரண்டு நின்று, இடைவெளிகளில் வழிந்தன. மழை ஓய்ந்தபோது வாசலில் மிதிவண்டி மணி கேட்டது. எவரும் அழைக்காமலே தச்சர் வந்திருந்தார். பணம் கேட்க வந்தவர் போல் தோன்றவில்லை. குனிந்து பலகையின் முனைகளைத் தடவிப் பார்த்தார். அந்த 300 ரிங்கிட்டை ஆசிரியர் நீட்டியபோது, எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வேற்றூர்க்காரர் எல்லாரும் வஞ்சகர் அல்லர். உள்ளூர்க்காரர் எல்லாரும் நல்லவரும் அல்லர். ஆனால், உள்ளூர்க்காரருக்கு ஒரு கட்டு உண்டு. நாளை சந்தையில் அதே முகத்தைப் பார்க்க வேண்டும். அதே கடையில் ஆணி வாங்க வேண்டும். மழை பெய்த மாலையில் அதே தெரு வழியே மிதிவண்டியில் போக வேண்டும். எழுதிய தாளுக்கு மேலான பிணையம் அது. அந்தப் பிணையமும் வேண்டும், தாளும் வேண்டும், இரண்டுக்கும் முன்னதாக, ஆராய்ந்து பார்க்கும் பொறுமையும் வேண்டும்.

புறப்படுமுன் தச்சர் பேத்தியை அழைத்தார். ஒரு குவளையிலிருந்து சில துளி நீரைப் பலகைமீது தெளித்தார். "பார், துளி உருண்டு நின்றால் எண்ணெய் இருக்கிறது. மரம் அதைக் குடித்துக் கறுத்துவிட்டால் எண்ணெய் தீர்ந்துவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துத் தாத்தாவிடம் சொல்," என்றார். தம் மகன் பினாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டதையும், உளி பிடிக்க வீட்டில் ஆளில்லை என்பதையும் பேச்சுவாக்கில் சொன்னார். "எனக்கு வயதாகிவிட்டது, சிக்கு. அடுத்த முறை நீங்களே பூசிக்கொள்ளுங்கள். எண்ணெய் பூசுவதற்குத் தச்சன் எதற்கு?" என்று கூறிவிட்டு மிதிவண்டியில் ஏறினார்.

தந்தையார் ஆண்டுதோறும் செய்தது பொழுதுபோக்கன்று என்பது ஆசிரியருக்கு அன்றுதான் விளங்கிற்று. அடுத்த பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, குவளையும் கையுமாகப் பேத்தி தளத்தில் அமர்ந்திருந்தாள். படியருகே அவள் தெளித்த துளிகளைப் பலகை மெல்லக் குடித்தது. "தாத்தா, கறுத்துவிட்டது!" என்று கூவினாள். ஆசிரியர் படித்துக்கொண்டிருந்த நாளேட்டை மடித்து வைத்துவிட்டு, எண்ணெய்ச் சாடியை எடுத்துவர உள்ளே சென்றார்.